செண்டும் கோலும்: கைத்திருப்பத்தின் வரலாறு

தஞ்சைக்கும் குடந்தைக்கும் நடுவே, குடமுருட்டி பாயும் நெல்வயல்களுக்கு இடையில் அமைந்த ஊர் பாபநாசம். நெல்லைச் சீமையில் அருவியோடு விளங்கும் பாபநாசத்தை நாம் இங்குக் குறிக்கவில்லை. நூற்றெட்டு இலிங்கங்கள் உள்ள கோயிலும், திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியமும் கொண்ட சோழநாட்டுப் பாபநாசத்தையே குறிக்கின்றோம். இவ்வூரை அடுத்த உத்தமதானபுரம் உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர். சுவடிகளில் அவர் கண்டெடுத்த சொற்கள் எண்ணற்றவை. அவற்றுள் 'செண்டு' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அச்சொல் இட்டுச் செல்லும் தொலைவுக்குச் சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூச்செண்டு. ஆனால் வில்லிபுத்தூரார் பாரதத்தில் துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைச் செண்டால் பற்றுகின்றான். பூங்கொத்தால் ஒருவன் கூந்தலைப் பற்றி இழுப்பது எங்ஙனம்? இந்த ஐயம் சாமிநாதையரை நெடுநாள் வருத்தியது. நுனி வளைந்த கோல் ஒன்றுக்கும் செண்டு என்று பெயர் உண்டு என்பதை அவர் அறிந்துகொண்டது ஓர் அகராதியிலிருந்து அன்று. சோழநாட்டுக் கோயில்களில் பெருமாள் திருக்கரத்தில் தாங்கும் வளைகோலிலிருந்து. 'செண்டலங்காரர்' என்ற தலைப்பிலேயே அவர் ஒரு கட்டுரை எழுதினார். மன்னார்குடி இராசகோபாலனின் கையிலும், டெல்டாப் பகுதி ஐயனார் படிமங்களின் கையிலும் இதே செண்டினை இன்றும் காணலாம். கரிகாலன் சாத்தன் தந்த செண்டால் மேருவைப் புடைத்துத் திரித்த கதையை அடியார்க்குநல்லார் உரை பேசுகின்றது. உக்கிரபாண்டியன் மேருவைச் செண்டால் அடித்த கதையைத் திருவிளையாடற் புராணம் பேசுகின்றது. குதிரைகளைப் பயிற்றும் வெளிக்குச் 'செண்டுவெளி' என்றே பெயர். ஆக, நீண்ட தண்டும் ஓரம் வளைந்த தலையும் உடைய கோலைக் கையாளும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 'கோல்' என்ற தமிழ்ச்சொல்லிலிருந்தே 'கோல்ஃப்' பிறந்தது என்று எவரேனும் மார்தட்டக்கூடும். அது ஒலி ஒப்புமையே அன்றி வேறில்லை. கோல்ஃப் என்ற பெயரை ஒல்லாந்தரின் 'கோல்ஃப்' என்ற மட்டையாட்டச் சொல்லோடு இயைத்துக் காண்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆட்டம் இன்றைய வடிவில் வளர்ந்தது ஸ்காட்லாந்தில். நமக்கு இங்கு வேண்டியது சொல்லின் உறவன்று, பொருளின் உறவு. தண்டின் அச்சிலிருந்து விலகித் தலை அமைந்த எந்தக் கோலை வீசினாலும் கை ஒரே சிக்கலைத்தான் எதிர்கொள்ளும். அச்சிக்கலை இருநூறு ஆண்டுகளாக எழுதியும் அளந்தும் வாதிட்டும் வந்திருக்கின்ற ஆட்டம் கோல்ஃப் என்பதால் அதன் வரலாறு நமக்குப் பயன்படுகின்றது.

சிக்கல் இன்னது என்பதை அறிய மைதானம் வேண்டா. கைப்பிடி வளைந்த குடை ஒன்று போதும். குடையைத் தலைகீழாகப் பிடியுங்கள். வளைந்த பகுதி தரையை நோக்கட்டும். வலக்கைப் பழக்கமுள்ளோர் இடக்கை மேலும் வலக்கை கீழுமாகப் பற்றுவர். இப்போது வலக்கையை விட்டுவிட்டு, இடக்கையை மட்டும் மார்புக்குக் குறுக்கே வலப்பக்கமாக, தரைக்கு இணையாக உயர்த்துங்கள். பெருவிரல் வானை நோக்கி இருக்கும்போது மணிக்கட்டைப் பெருவிரல் பக்கமாக மடித்தால் குடை செங்குத்தாக நிமிரும். அடுத்து, புறங்கை வானைப் பார்க்குமாறு முன்கையைத் திருப்பிக்கொண்டு, அதே மணிக்கட்டு மடிப்பைச் செய்யுங்கள். குடை இம்முறை நிமிராது. படுத்தவாறு உடலைச் சுற்றிப் பின்புறம் செல்லும்.

மடிப்பு ஒன்றே, தண்டு செல்லும் தளம் வேறு. தளத்தை மாற்றியது முன்கையின் திருப்பம். கோல்ஃப் வீச்சில் மட்டை செல்லும் சாய்ந்த தளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே முன்கை எவ்வளவு திரும்புகின்றது, எப்போது திரும்புகின்றது என்பதைப் பொறுத்தே வீச்சுத்தளம் செங்குத்தாகவோ தட்டையாகவோ அமைகின்றது. தொடக்கத்திலேயே மிகுதியாகத் திருப்பியவனின் மட்டை உடலுக்குப் பின்னே ஒடுங்கிவிடும். திருப்பாமலே மடித்தவனின் மட்டை தலைக்கு மேலே நின்றுவிடும். இருவரும் பந்தை அடைய இறங்கு வீச்சில் எதையேனும் ஈடுசெய்தே தீரவேண்டும்.

குடை கற்றுத்தரும் இரண்டாவது பாடமும் உண்டு. முன்கை திரும்பும்போது தண்டு தன்னச்சில் சுழல்கின்றது. ஆதலால் வளைந்த நுனி நோக்கும் திசையும் மாறுகின்றது. கோல்ஃப் மட்டையில் அந்நுனியே பந்தைத் தொடும் முகம். ஏறு வீச்சில் திறந்த முகம் இறங்கு வீச்சில் மீண்டும் நேராக வேண்டும். இறங்கு வீச்சோ ஏறத்தாழக் கால் நொடி. பந்தும் முகமும் தொட்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தலையின் எடைமையம் தண்டின் அச்சில் இல்லாமையால் தண்டு தானே திரும்பவும் முயலும். அதை அடக்கிப் பிடிப்பதா, அதன் போக்கில் விடுவதா என்பதே தலைமுறை தலைமுறையாக ஆசான்கள் பிரிந்து நின்ற வினா.

இவ்வினாவுக்கான விடை காலந்தோறும் மாறியதற்கு முதற்காரணம் அறிவு வளர்ச்சியன்று, மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மட்டைத் தண்டுகள் ஹிக்கரி மரத்தால் ஆனவை. மரத்தண்டு வளைவதோடு தன்னச்சில் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். விசையைச் சட்டென்று செலுத்தினால் தலை பின்தங்கி முகம் திறந்தே நிற்கும். ஆகவே அக்கால ஆட்டக்காரர்கள் கைகளை நிதானமாகவும் தாராளமாகவும் உருட்டி ஆடினர். 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஹாரி வார்டனின் பெயரால் வழங்கும் பிடி, கீழ்க்கையின் சுண்டுவிரலை மேற்கையின்மீது ஏற்றி இரு கைகளையும் ஒன்றாக இயங்கச் செய்வது. அப்பிடி முதலில் அவருடையதன்று. அதைப் பரப்பிய புகழ் அவருடையது.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இல் எஃகுத் தண்டுக்கு இசைவு தந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 1929இல் தந்தது. பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வென்றது மரத்தண்டு கொண்டுதான். அதுவே அக்காலத்தின் இறுதிச்சுடர். எஃகு மிகக் குறைவாகவே முறுக்கிக்கொள்ளும். பழைய பழக்கத்தில் கைகளை உருட்டியவர்களின் பந்து இடப்புறம் வளைந்து ஓடியது. இளமையில் அந்நோயால் பெரிதும் அல்லற்பட்டவர் பென் ஹோகன். தம் பிடியைத் திருத்தி அவர் நோயை வென்றார். 1949இல் பேருந்து மோதி உயிர்பிழைத்து, 1953இல் மூன்று பெரும்பட்டங்களை வென்றார். 1957இல் வெளிவந்த அவருடைய நூலே வீச்சுத்தளம் என்ற கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. பந்திலிருந்து தோள்கள்வரை சாய்த்து வைத்த ஒரு கண்ணாடிப் பலகை, அதன் துளை வழியே நீட்டிய ஆட்டக்காரரின் தலை. ஏறு வீச்சில் அக்கண்ணாடி உடையலாகாது. அந்தப் படம் இன்றும் ஆட்டக்காரர்களின் மனத்தைவிட்டு அகலவில்லை.

1968இல் இங்கிலாந்தில் அலஸ்டேர் கோக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுநூல், வீச்சினை இரு கோல்கள் ஒரு கீலில் இணைந்த ஊசலாகக் காட்டியது. மேற்கோல் கைகள், கீழ்க்கோல் மட்டை, கீல் மணிக்கட்டு. இந்த ஊசல் ஒரே தளத்தில் இயங்க வேண்டுமாயின் முன்கையின் திருப்பம் இன்றியமையாதது என்பது நம் குடைச்சோதனையாலேயே விளங்கும். 1994இல் இயற்பியலாளர் தியோடர் ஜார்கென்சன், மட்டைமுகம் நோக்கும் திசையும் மட்டை செல்லும் திசையும் சேர்ந்தே பந்தின் பறப்பைத் தீர்மானிக்கின்றன என்று வடிவியல் வாயிலாக விளக்கினார். மட்டை சென்ற திசையிலேயே பந்து புறப்படும் என்பது அதுவரை பல ஆசான்களின் பாடம். இந்நூற்றாண்டில் ராடார் கருவிகள் வந்தபின் உண்மை ஐயமறத் தெளிவாயிற்று: பந்து புறப்படும் திசை பெரும்பாலும் முகத்தைச் சார்ந்தது, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கின்றது. அதாவது, தண்டின் திருப்பம் வீச்சுத்தளத்துக்கு ஓர் ஒட்டுவேலை அன்று. பந்தின் விதியை எழுதுவதில் அதற்கே முதலிடம்.

இவ்வளவும் நூல்களின் வரலாறு. நூல்களை ஒருமுறைகூடப் படிக்க இயலாத ஒரு மனிதரின் கைகளுக்கு இனி வருவோம்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் முதற்கப்பல் அது. 1911 வரையில் அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஏனையோர் கல்கத்தா வழியாக. கரும்புக்காட்டில் வெட்டுகத்தி பிடித்த அக்கைகளின் வழித்தோன்றல் ஒருவரே சியூசங்கர் செவ்கோலம். 'பாப்வா' என்பது அவருடைய செல்லப்பெயர். பெயரின் சாயல் வடநாட்டு வழியைக் காட்டுவதால், அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நமக்கு இடமில்லை. கொண்டாடவும் வேண்டா, நேட்டாலில் தமிழரும் பிறரும் ஒரே தோட்டத்தில் உழைத்து, ஒரே சட்டத்தால் ஒடுக்கப்பட்டவர்களே.

டர்பனில் பீச்வுட் மைதானத்துக்கு அருகில் வறுமையில் வளர்ந்த பாப்வா, மரக்கிளையைச் செதுக்கிய கோலால் பந்தடித்துப் பழகினார். பின்னர் அம்மைதானத்தில் வெள்ளையரின் மட்டைப்பை சுமந்தார். எழுத்தறியாதவர், பயிற்சி தந்த ஆசான் எவரும் இலர். வலக்கை ஆட்டக்காரராகிய அவர் வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பற்றினார். உலகத்துப் பாடநூல்கள் அனைத்தும் காட்டும் பிடிக்கு நேர் எதிரான பிடி அது.

அப்பிடி வீச்சை என்ன செய்யும்? வழக்கமான பிடியில் வலக்கை கீழே இருப்பதால் வலத்தோள் சற்றுத் தாழும். பாப்வாவின் பிடியில் அத்தாழ்வு குறைந்து தோள்கள் சமனாகும். பந்தைத் தொடும் கணத்தில் கீழ்க்கை மேற்கையை முந்திக்கொண்டு இட மணிக்கட்டை மடக்கிவிடுவது பலருக்கு வரும் பிழை. இடக்கையே கீழ்க்கையாக இருக்கும்போது அம்மணிக்கட்டு எளிதில் மடியாது. முகம் நிலையாக நிற்கும். இதனாலேயே இக்காலத்தில் குழிக்கருகே பந்தை உருட்டுவதற்கு இவ்வாறு பிடிப்போர் பலர். 2015இல் மாஸ்டர்ஸ் வென்ற ஜோர்டன் ஸ்பீத் அவர்களுள் ஒருவர். ஆனால் முழுவீச்சில் இதற்கு விலை உண்டு. கைகள் தாராளமாகத் திரும்பித் தண்டைச் சுழற்றிவிடும் வேகம் இப்பிடியில் எளிதிற் கிட்டாது. பாப்வா அவ்விலையைச் செலுத்தியும் வென்றார் என்பதுதான் வியப்பு. தளத்தை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பாடநூல் ஒரு கையிடம் ஒப்படைத்தது; அவர் மறுகையிடம் ஒப்படைத்தார். பந்தோ மேலே இருப்பது எந்தக் கை என்று கேட்பதில்லை. முகம் நோக்கும் திசையையும் மட்டை வரும் பாதையையும் மட்டுமே அது அறியும்.

பாப்வாவின் திறனைக் கண்ட கிரகாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர் 1959இல் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவ்வாண்டே பாப்வா டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1960இலும் 1964இலும் மீண்டும் வென்றார். கோல்ஃப் என்ற பெயருக்கே மூலமாகச் சொல்லப்படும் மண்ணில், தலைகீழ்ப்பிடி பிடித்த மட்டைப்பை சுமப்பவர் மும்முறை முதலிடம் பெற்றார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

சொந்த மண்ணில் நிகழ்ந்ததோ வேறு. 1963இல் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர் நிறைந்த களத்தில் பாப்வா வென்றார். பரிசளிப்பின்போது மழை பெய்தது. மன்றக் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதார் நுழைய நிறவெறிச் சட்டம் இடம் தரவில்லை. தோற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அப்புகைப்படம் உலகெங்கும் பரவி, தென்னாப்பிரிக்க விளையாட்டைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்கு வலுச்சேர்த்தது. 1965இல் கேரி பிளேயர் ஆடிய நேட்டால் ஓப்பனிலும் பாப்வாவே முதல்வர். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பன் வென்று நான்கு பெரும்பட்டங்களையும் நிறைவு செய்தவர் கேரி பிளேயர் என்பதை நினைத்தால் அவ்வெற்றியின் எடை விளங்கும். அதன்பின் அரசு அவரை வெள்ளையர் போட்டிகளில் ஆடவிடவில்லை, கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டது. 1978இல் பாப்வா வறுமையில் மறைந்தார். இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானம் அவர் பெயரைத் தாங்குகின்றது.

இக்கொடுமை தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியைத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் 1829இல் கோல்ஃப் மன்றம் எழுந்தது. சென்னையில் 1884இல் ஜிம்கானாவும் கொடைக்கானலில் 1895இல் கோல்ஃப் மன்றமும் ஆங்கிலேயரால் தொடங்கப்பெற்றன. அங்கெல்லாம் மைதானத்தில் இந்தியருக்கு முதலில் கிட்டிய இடம் மட்டைப்பை சுமப்பதே. அவ்வழியே வந்தவர்தான் அலி ஷேர். டெல்லியில் மட்டைப்பை சுமந்த அவர் 1991இல் இந்தியன் ஓப்பன் வென்றார்; அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பை சுமப்பவன் கண்ணால் கற்கின்றான். எந்தக் கைத்திருப்பம் பந்தை எங்கே அனுப்பும் என்பது அவனுக்கு ஏட்டுக்கல்வி அன்று. பந்தைத் தேடி ஓடியே கற்ற கல்வி.

இவ்வரலாற்றில் இருவகை விதிகள் தோன்றக் காண்கின்றோம். ஒன்று, பொருளின் விதி. அச்சிலிருந்து விலகிய தலையை உடைய கோல், முன்கை திரும்பும் அளவுக்கேற்பத் தளம் மாறும். அவ்விதி மன்னார்குடிப் பெருமாளின் செண்டுக்கும், வயலில் மண்வெட்டி வீசும் உழவனுக்கும், ஹோகனின் எஃகு மட்டைக்கும் ஒன்றே. மற்றொன்று, மனிதர் இட்ட விதி. இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்பதும், இன்னார்தாம் உள்ளே வரலாம் என்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டாம் வகையில் பிடியைப் பற்றிய விதி பெரும்பாலோர்க்கு நன்மை தருவது, அனுபவத்தின் சாரம், எனினும் அது இயற்கையின் கட்டளை அன்று. வாயிலைப் பற்றிய விதியிலோ அனுபவமும் இல்லை, சாரமும் இல்லை.

பாப்வாவின் பிடியைக் கண்டு நகைத்தவர்களும், அவரை மழையில் நிறுத்தியவர்களும் செய்தது ஒரே பிழை: தமக்குப் பழகியதை இயற்கை என்று நம்பியது. செண்டு என்றால் பூங்கொத்து மட்டுமே என்று நாம் நம்பிவந்ததும் அவ்வகையதே. சாமிநாதையர் பழகிய பொருளோடு நிறைவடையாமல், பொருந்தாத ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு விடை கிடைக்கும்வரை விடாது தேடினார். பழகாத பிடியைக் காணும் இடத்திலும் அப்பொறுமை நமக்கு வேண்டும். முதலில் பந்து எங்கே சென்று விழுகின்றது என்று பார்ப்போம். பிடியைப் பற்றிய தீர்ப்பைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.